குச்சிக்கிழங்கு தேமல் நோய்: மருந்தடித்தும் ஏன் தீர்வதில்லை?

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் குச்சிக்கிழங்குக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இலையைத் தெரியும். பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து, கோணிச் சுருண்டிருக்கும். இதுதான் மரவள்ளி தேமல் நோய். கிழங்கு சிறுத்துவிடும், மாவுச்சத்தும் குறையும். சேகோ ஆலைகள் மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்தே விலை போடுவதால் எடையிலும் அடி, விலையிலும் அடி.

உரக்கடையில் வாங்கும் மருந்து, நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை வேண்டுமானால் குறைக்கும். நோய் கண்ட செடியைக் குணமாக்காது. ஏனென்றால் வைரஸ் பெருகுவது செடியின் செல் உட்கருவுக்குள்.

இது ஜெமினி வைரஸ் வகையைச் சேர்ந்தது. சிறிய வட்ட டிஎன்ஏதான் அதன் சொத்து. அதை நகலெடுக்கும் நொதி (என்சைம்) அதனிடம் கிடையாது. செடி தன் சொந்த டிஎன்ஏவை நகலெடுக்க வைத்திருக்கும் பாலிமரேஸ் நொதியையே அது வேலை வாங்குகிறது. வைரஸின் 'ரெப்' என்ற புரதம் வட்டத்தை ஓரிடத்தில் வெட்டிக் கொடுக்கும். மீதி வேலை செடியுடையது. திருடன் வீட்டுக்காரர் அடுப்பிலேயே சமைத்துச் சாப்பிடுவது போல!

செடியும் சும்மா இருப்பதில்லை. மெத்தில் டிரான்ஸ்பெரேஸ் என்ற நொதிகள் வைரஸ் டிஎன்ஏ மீது மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுவை ஒட்டுகின்றன. மரபெழுத்து மாறாது, ஆனால் அந்த மரபணு வேலை செய்யாமல் அடங்கிவிடும். இதை முறியடிக்கும் புரதங்களை ஜெமினி வைரஸ்களும் வைத்திருக்கின்றன.

நோயைத் தாங்கும் சில ஆப்பிரிக்க ரகங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2022-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். அந்தச் செடிகளில் டிஎன்ஏ பாலிமரேஸ் டெல்டா நொதியின் ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. எதிர்ப்புத்திறன் அந்த மாற்றத்தோடு சேர்ந்தே வந்தது. அதாவது, வைரஸ் கடன் வாங்கும் அதே கருவியில்தான் வித்தியாசம்.

ஆகவே விவசாயி கவனிக்க வேண்டியது மருந்தைவிட விதைக்கரணையை. நோய்ச் செடியின் குச்சியை நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஸ்ரீ ரக்ஷா' போன்ற எதிர்ப்பு ரகங்கள் வந்துள்ளன. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். பழைய ரகமே போதும் என்பவர்கள், செடியில் இலை இருக்கும்போதே நோயில்லாதவற்றுக்கு அடையாளம் கட்டி வைக்கவும். வெட்டிக் கட்டிய பிறகு எல்லாக் குச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.