காற்றடிக்கும்போது ஹெலிகாப்டர் விடலாமா?

ரிமோட் ஹெலிகாப்டர் கையில் கிடைத்த ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. வீட்டுக் கூடத்தில் அது சொன்னபடி கேட்கிறது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டு மாமரத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. 'காற்று தள்ளிவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே நடப்பது இன்னும் சுவையான விஷயம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பறக்கும் ஹெலிகாப்டருக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் காற்றுதான் அதன் உலகம். ஓடும் ஆற்றில் கரையிலுள்ள ஒரு மரத்துக்கு நேராகவே இருக்க விரும்புகிறவர் என்ன செய்வார்? நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டே இருப்பார். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவர் அசையாமல் இருப்பதுபோலத் தெரியும். ஹெலிகாப்டரும் அப்படித்தான். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது 'சும்மா' நிற்கிறது என்றால், காற்றுக்குள்ளே அது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பறந்துகொண்டிருக்கிறது.

முன்னால் பறப்பதற்கு அதற்கு இருக்கும் வழி, சாய்வதுதான். மேலே சுற்றும் விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. அதனால் ஹெலிகாப்டர் மேலே எழுகிறது. விசிறியைச் சற்றே முன்பக்கம் சாய்த்தால் அந்தத் தூக்குவிசையில் ஒரு பங்கு முன்னால் இழுக்கும். நன்றாகப் பறக்கவிடத் தெரிந்தவர்கள் காற்றில் நிறுத்தும் ஹெலிகாப்டரை உற்றுப் பாருங்கள். அது மட்டமாக நிற்காது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, காற்று வரும் திசையைப் பார்த்துச் சாய்ந்தே நிற்கும். ஒரு கணம் நிமிர்ந்துவிட்டால் போதும், காற்றோடு போய்விடும்.

ஆக, சீராக வீசும் காற்று பெரிய எதிரி இல்லை. அது உதவிகூடச் செய்கிறது! காற்றே இல்லாத இடத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், தானே கீழே தள்ளிய காற்றோட்டத்துக்குள் சிக்கியிருக்கிறது. கீழே இறங்கிக்கொண்டிருக்கும் காற்றைப் பிடித்து மேலே எழுவதற்கு அதிக சக்தி தேவை. பக்கவாட்டில் காற்று வீசினால் கலங்காத புதுக் காற்று விசிறிக்கு வந்துகொண்டே இருக்கும். அதே எடையைக் குறைந்த சக்தியில் தூக்கிவிடலாம். பெரிய ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் இது தெரியும். தரையிலிருந்து எழுந்து முன்னால் வேகமெடுக்கும்போது, ஒரு கட்டத்தில் யாரோ தூக்கிவிட்டதுபோல அது தானாக மேலே ஏறும்.

தொல்லை எங்கே வருகிறது? காற்று மாறும்போது. வீச்சு வீச்சாக அடிக்கும் காற்றைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் வீசிய காற்று, கண் இமைக்கும் நேரத்தில் 20 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுக் காற்று திடீரென்று அதிகமாகக் கிடைத்ததால் ஹெலிகாப்டர் குப்பென்று மேலே எழும், மூக்கும் தூக்கிக்கொள்ளும். கீழே ரிமோட்டைப் பிடித்திருப்பவர் 'ஐயோ, மேலே போகிறதே' என்று பயந்து பவரைக் குறைப்பார். சரியாக அந்த நேரம் பார்த்து வீச்சு ஓய்ந்துவிடும். காற்று கொடுத்த உதவியும் போயிற்று, பவரும் போயிற்று. பொத்தென்று விழும். புதிதாகப் பழகுகிறவர்களின் ஹெலிகாப்டர்கள் பல இப்படித்தான் உடைகின்றன. மேலே தூக்கினால் பதறாமல் ஓரிரு நொடி பொறுப்பது பெரிய திறமை, பழகித்தான் வரும்.

இனி, சின்ன ஹெலிகாப்டர் மட்டும் ஏன் இவ்வளவு தவிக்கிறது? ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால், காற்று மோதும் பரப்பு நான்கில் ஒரு பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதாவது சிறிதாகச் சிறிதாக எடை வேகமாகக் குறைகிறது, காற்று பிடிக்கும் இடம் அவ்வளவு குறைவதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். விசிறி நொடிக்கு 30 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பொம்மை விசிறியின் நுனி மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பெரிய மாடலில், அதே 30 சுற்றுக்கு, நுனியின் வேகம் 500 கிலோமீட்டரைத் தாண்டும். மணிக்கு 20 கிலோமீட்டரில் அடிக்கும் காற்று பெரியதற்கு ஒரு பொருட்டே இல்லை. பொம்மைக்கு அது தன் இறக்கை வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கிவிடுகிறது.

பொம்மை ஹெலிகாப்டரின் அமைப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். உச்சியில் இரு முனையிலும் குட்டி எடை வைத்த ஒரு கம்பி சுற்றிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. சுற்றும் பொருள் தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது; அந்தக் குணத்தால் அந்தக் கம்பி விசிறியை எப்போதும் மட்டமாக வைத்திருக்கிறது. இதுபோன்ற சமநிலைக் கம்பியை ஹெலிகாப்டருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஆர்தர் யங். அவர் முதலில் செய்து பார்த்ததெல்லாம் சின்னச் சின்ன மாடல்களில்தான்! 1941இல் பெல் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் உருவாக்கிய 'பெல் 47', 1946இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான அனுமதியை அமெரிக்காவில் பெற்றது. மாடலில் விளையாடியது வீண்போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கூடத்துக்குள் அந்தக் கம்பி பெரிய வரம். வெளியிலோ, காற்றை எதிர்க்க வேண்டுமானால் ஹெலிகாப்டர் நன்றாகச் சாய வேண்டுமே! கம்பி சாயவிடாது. பல பொம்மைகளில் முன்னால் போவதற்கு இருப்பது வாலின் மேல் படுத்த நிலையில் சுற்றும் ஒரு குட்டி விசிறி மட்டும்தான். அது வாலைக் கொஞ்சம் தூக்கிவிடும்; அவ்வளவே. அதனால் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் காற்றுக்கே அது தோற்றுவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. அது வீட்டுக்குள் பறக்கவே பிறந்தது.

பெரிய மாடல்களில் ஒவ்வொரு இறக்கையின் கோணத்தையும் சுற்றும்போதே மாற்ற முடியும். கம்பிக்குப் பதிலாகக் கைரோ என்ற உணர்கருவி இருக்கிறது. நீங்கள் செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்கு உதவும் உணர்கருவிகளின் இனம்தான் அதுவும். காற்று அடித்து வால் திரும்பத் தொடங்கியதுமே அதை உணர்ந்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் கைரோ திரும்புவதையும் சாய்வதையும் மட்டுமே உணரும். காற்றோடு சேர்ந்து நழுவிப் போவதை அது உணராது. அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது உங்கள் கண்தான்.

மொட்டை மாடி ஏன் மோசமான இடம் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு குச்சியின் முனையில் ஒரு முழம் மெல்லிய தையல் நூலைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம் நில்லுங்கள். சுவருக்கு மேலே குச்சியைத் தூக்கிப் பிடித்தால் நூல் நீட்டிக்கொண்டு பறக்கும். மெல்ல இறக்குங்கள். சுவரின் மட்டத்துக்குக் கீழே வந்ததும் நூல் துவளும், சுழலும், சில நேரம் காற்று வரும் பக்கமே திரும்பிக்கொள்ளும்! சுவரைத் தாண்டி வரும் காற்று மடங்கிச் சுழல்வதால்தான் இது. அந்தச் சுழலுக்குள் நுழையும் ஹெலிகாப்டருக்கு ஒரு சாணுக்கு ஒரு காற்று. கட்டடம், மரம் போன்ற தடைகளுக்குப் பின்னால், அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைகூடக் காற்று கலங்கியே இருக்கும். ஆகவே பறக்கவிட ஏற்ற இடம் பெரிய திடலின் நடுப்பகுதி.

திடலுக்குப் போனதும் முதலில் காற்று வரும் பக்கமாகத்தான் பறக்கவிட வேண்டும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உங்கள் ஹெலிகாப்டரின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், காற்று 15 என்று வையுங்கள். காற்றோடு போனால் 40 கிலோமீட்டர் வேகம்; ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் போய்விடும். திரும்பும்போது 10 கிலோமீட்டர்தான். வருவதற்கு நான்கு நிமிடம் வேண்டும். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டால்? முதலில் எதிர்க்காற்றில் போனால், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். இறக்கும்போதும் மூக்கு காற்று வரும் பக்கமே இருக்கட்டும்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த அளவுமுறை இன்றும் பயன்படுகிறது. அதை நிலத்துக்குப் பொருத்திப் பார்த்தால் இப்படி வரும்: இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. புழுதி எழும்பும் நாளில் பெரிய மாடல் வைத்திருப்பவர்களே யோசித்துத்தான் பறக்கவிடுவார்கள்.

செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' ஹெலிகாப்டரை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1.8 கிலோ எடை, 1.2 மீட்டர் விசிறிகள். 2021 ஏப்ரல் 19 அன்று முதலில் எழுந்தது; 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. அங்கே காற்றின் அடர்த்தி நம் பூமியில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். அதனால் எழும்புவதே கடினம். நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது. ஆனால் அதே காரணத்தால், அதே வேகக் காற்று அங்கே தள்ளுவதும் நூற்றில் ஒரு பங்குதான். பூமியிலிருந்து ரேடியோ அலை போய்ச்சேரப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால் ரிமோட்டில் ஓட்ட வழியே இல்லை. தன் கணினியை நம்பித் தானே பறந்தது.

நமக்கு ஏற்ற நேரம் விடியற்காலை. வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று மேலும் கீழும் கலந்து வீச்சாக அடிக்கத் தொடங்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைத் தாங்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகளே, பொம்மை ஹெலிகாப்டரைக் கூடத்திலேயே பறக்கவிடுங்கள். பெரிய மாடலின் இறக்கை கத்தியைப்போல் வெட்டும். பெரியவர் உடன் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. காற்று வீசும் நாளில் வழக்கத்தைவிடத் தள்ளியே நில்லுங்கள்.

நூல் சோதனையைச் செய்துபாருங்கள். உங்கள் மாடியில் எந்த இடத்தில் நூல் நீட்டிப் பறந்தது, எந்த இடத்தில் திரும்பிக்கொண்டது என்று படம் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள்.