கூரைமேற் கூடாரம்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றாகும். இவற்றுள் உணவையும் உடையையும் உடன்கொண்டு செல்வது எளிது. உறையுளை உடன்கொண்டு செல்வதே அரிது. அவ்வருஞ் செயலை எளிதாக்க மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று, ஜீப்பு முதலிய காட்டுவழி ஊர்திகளின் கூரைமேல் மடித்துவைத்து, வேண்டுமிடத்தில் விரித்துப் படுக்கும் கூடாரமாம். இக்காலத்து இளைஞர் பலர் இதனை விரும்புகின்றனர். விரும்புவோர் பலராயினும், அதனைப் பொருத்தும் முறையும் அதனுள் தங்கும் முறையும் அறிந்தவர் சிலரே. இவ்விடத்து அறியாமை உயிர்க்கு ஊறு செய்வதாதலின், அவ்விரண்டையும் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இக்கருத்து முற்றும் புதியதன்று. விருத்தாசலத்து மாசிமகப் பெருவிழாவுக்கு முற்காலத்தில் சுற்றூர் மக்கள் கூண்டு வண்டி பூட்டி வந்து, மணிமுத்தாற்று மணலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டி, வண்டியின் உள்ளும் கீழும் இராத்தங்கினர் என்று முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். பகலில் ஊர்தியாயிருந்தது இரவில் வீடாயிற்று.

நம் திருச்சபை வரலாற்றிலும் கூடார வாழ்க்கைக்குச் சிறந்ததோர் இடமுண்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உயர்பதவி பெற்றிருந்த தாமஸ் கஜெத்தன் ராக்லாந்து ஐயர், அதனைத் துறந்து இந்நாட்டுக்கு வந்து, 1854-ஆம் ஆண்டு முதல் டேவிட் பென், ராபர்ட் மெடோஸ் என்னும் இருவரோடு வட திருநெல்வேலிச் சீமையில் ஊரூராகக் கூடாரமடித்து ஊழியஞ் செய்தார். 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அவர் சிவகாசியில் உயிர் நீத்தார். அப்பகுதி பெரும்பாலும் கரிசல் நிலம். கோடையில் வெடித்துப் பிளப்பதும், மழையில் குழைந்து சேறாவதும் அதன் இயல்பு. அத்தகைய தரையில் முளையடித்துக் கயிறு கட்டி வாழ்வாருக்கு ஈரம், தேள், பாம்பு ஆகிய மூன்றும் ஓயாத அச்சமாம்.

தரையின் இவ்விடர்களினின்று படுக்கையை உயர்த்திவைப்பதே கூரைக் கூடாரத்தின் நோக்கம். 1958-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் ‘ஏர் கேம்பிங்’ என்னும் பெயரால் இத்தகைய கூடாரம் வெளிவந்தது. பின்னர் ஆப்பிரிக்கக் கண்டத்தில் நெடுவழி செல்வோர் தம் ஊர்திகளின்மேல் இதனை மிகுதியும் கையாண்டனர். 1970-களில் கிழக்கு ஜெர்மனியில் திராபன்ட் என்னும் மிகச் சிறிய கார்மேலும் இதனை ஏற்றினர்.

இக்கூடாரம் இருவகைப்படும். ஒன்று, தடித்த துணியால் ஆகிப் புத்தகம்போல் மடிவது; விரிக்கும்போது இதன் ஒருபாதி கூரைமேல் நிற்க, மறுபாதி ஊர்தியின் பக்கத்தே நீண்டு ஏணியின்மேல் தாங்கி நிற்கும். மற்றொன்று, மேலும் கீழும் கெட்டியான ஓடுடைய பெட்டி போன்றது. இதனை மேனோக்கி உயர்த்திய அளவில் அறையாகும். முன்னது இடம் மிகுதியுடையது. பின்னது விரைவில் விரிவது. இருவர் படுக்கத்தக்க கூடாரம் பொதுவாக 40 முதல் 80 கிலோ வரை எடையுள்ளது. இவ்வெடையைக் கூரை தாங்குமா என்பதே முதற்கண் கேட்கவேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை காண விருத்தாசலமே தக்க பள்ளிக்கூடம். அவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசினர் கல்விநிலையமும் உண்டு. பொம்மைகளும் மின்சாரத்துக்குரிய பீங்கான் உறுப்புகளும் அங்கே சூளையிலிருந்து வெளிவருகின்றன. பட்டறையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரம் அடுக்கி வைத்தாலும் அடியிலுள்ளது உடைவதில்லை. ஆயின் அவ்வடுக்கை அப்படியே வண்டியில் ஏற்றிப் பத்துக் கல் தொலைவு ஓட்டினால் எஞ்சுவன ஓட்டாஞ்சல்லிகளே. அதனாலன்றோ வைக்கோல் பொதிந்து, இடைவெளி அடைத்து, இறுகக் கட்டுகின்றனர்! பொதியுந் தொழிலில் மூத்தவர் ஒருவர் எம்மிடம், “தம்பி, நிக்கிற பாரம் வேறே, நடக்கிற பாரம் வேறே” என்றார். பொறியியல் நூலார் பல பக்கங்களில் விரித்துரைப்பதனை அவர் ஒரு வரியில் அடக்கிவிட்டார்.

ஊர்தியின் கூரைக்கும் ஓட்டத்திற் பொறுக்குஞ் சுமை, நிலையிற் பொறுக்குஞ் சுமை என இரண்டு அளவுகள் உள. முன்னது சிறியது, பல ஊர்திகளுக்கு 50 முதல் 100 கிலோவுக்குள் அடங்குவது. பின்னது அதனினும் பன்மடங்கு பெரியது. காரணம் வெளிப்படை. ஊர்தி பள்ளத்தில் இறங்கி ஏறுங்கால், கூரைமேலுள்ள சுமை தன் எடையினும் மிகுந்த விசையோடு கீழே அழுத்தும். மறுகணம் மேலெழும்பிப் பிடிப்புகளை இழுக்கும். தடை பிடிக்கும்போது முன்னோக்கியும், வளைவில் திரும்பும்போது வெளிநோக்கியும் தள்ளும். நின்ற ஊர்தியில் இவ்விசைகள் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓட்டத்தில் ஓர் ஊர்தியின் கூரைக்கு 75 கிலோ எல்லை எனக் கொள்க. கேரியர் 20 கிலோ, கூடாரம் 50 கிலோ. ஆகக் கூட்டு 70. இஃது எல்லைக்குள் அடங்கிற்று. இனி, ‘இடந்தான் இருக்கின்றதே’ என்று 20 லிட்டர்த் தண்ணீர்க் குடம் ஒன்றை மேலே ஏற்றினால் 90 ஆகி எல்லை கடக்கும். இரவிலோ, 65 கிலோ எடையுள்ள இருவர் ஏறிப் படுப்பின் கூரைமேல் 200 கிலோ ஆகும். அதற்கு நிலைச்சுமை எல்லையைப் பார்த்தல் வேண்டும். இவ்வளவுகளை ஊர்தி செய்தோரின் கைப்புத்தகத்திலேயே காண்க. பிறர் வாய்ச்சொல்லை நம்பற்க. மேலும், கூரைக்கு ஓர் எல்லையும், கேரியருக்கு ஓர் எல்லையும், பிடிப்புகளுக்கு ஓர் எல்லையும் உளவாதலின், அவற்றுள் மிகச் சிறியதே முழுமைக்கும் எல்லையாம். துணிக்கூரை உடைய ஜீப்பின்மேல் நேரே கூடாரத்தை ஏற்றுதல் கூடாது. அதற்கென ஊர்தியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்ட இரும்புத் தாங்கி வேண்டும்.

எடையே யன்றி அதன் உயரமும் நோக்கத்தக்கது. முன்பாரம் பின்பாரம் பார்த்து வண்டியேற்றும் நம் உழவர், வைக்கோல் வண்டி மேட்டிலும் வளைவிலும் குடைசாயும் என்பதனை நன்கறிவர். பாரம் மேலேறுந்தோறும் ஊர்தியின் நிலைப்பாடு குறையும். தரையினின்று ஆறடி உயரத்தில் 70 கிலோ இருப்பின், முன்பு எளிதாய்த் திரும்பிய வளைவும் இப்பொழுது வேகம் தணித்தே திரும்பத்தக்கதாகும்.

இனிப் பொருத்தும் முறையைக் கூறுவோம். குறுக்குச் சட்டங்கள் இரண்டேனும் வேண்டும். அவற்றின் இடைவெளி கூடாரஞ் செய்தோர் குறித்தபடி அமைதல் வேண்டும். நால்வர் சேர்ந்து கூடாரத்தைத் தூக்கி, இடமும் வலமும் ஒப்ப வைத்து, அடியிலுள்ள பிடிப்பட்டைகளைச் சட்டங்களோடு போல்ட்டும் நட்டும் கொண்டு பிணைக்க. ஒருபுறத்தை முற்றும் முறுக்கியபின் மறுபுறம் செல்லாது, எல்லாவற்றையும் சிறிது சிறிதாக மாறி மாறி முறுக்குக. அதிர்வினால் நட்டுகள் தளர்தல் இயல்பு. ஆதலின் முதல் 50 கிலோமீட்டர் சென்றபின் ஒருமுறையும், அதன்பின் நாள்தோறும் காலையில் ஒருமுறையும் கைவைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதனை நூலறிவாக மட்டும் யாம் எழுதவில்லை. சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் மூவர், கூரைக் கூடாரம் பொருத்திய ஊர்தி ஒன்றில் விருத்தாசலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியே கல்வராயன் மலைக்குச் சென்றோம். மலைவளைவு ஒன்றில் தலைக்குமேல் ‘கடக்’ என ஓர் ஒலி கேட்டது. இறங்கிப் பார்த்தபோது எட்டு நட்டுகளுள் இரண்டு விரலால் திருகத்தக்க அளவு தளர்ந்திருந்தன. பின்னால் இருசக்கர வண்டியில் ஒரு தந்தையும் சிறுமகளும் வந்துகொண்டிருந்தனர். அன்று காலை ஸ்பானர் எடுக்கச் சோம்பியவர்கள் யாமே. அச்சோம்பலின் விலையை எம்மையன்றி அக்குழந்தை கொடுக்க நேர்ந்திருக்கும் என்னும் நினைவு இன்றும் எம்மை வருத்துகின்றது. இக்கட்டுரை எழுந்ததும் அதனாலேயே.

உயரம் பற்றிப் பின்னும் ஒன்று. கூடாரத்தோடு ஊர்தியின் முழு உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்முன் எழுதி வைத்தல் நலம். ரயில் பாதைக்குக் கீழ்ச்செல்லும் சுரங்கவழிகளிலும் தாழ்ந்த கிளைகளிலும் முட்டுவோர், தம் ஊர்தி வளர்ந்துவிட்டதனை மறந்தவரே.

தங்குமிடம் தேர்தலும் ஒரு கலை. மணிமுத்தாறு போன்ற ஆறுகள் பெரும்பகுதி நாள் வறண்டு கிடந்து, மேற்கே மலையில் மழை பெய்த அளவில் திடீரெனப் பெருகுவன; ஆதலின் மழைக்காலத்தில் ஆற்று மணலில் தங்கற்க. தென்னையின் கீழும் பட்ட மரத்தின் கீழும் நிறுத்தற்க. மின்னல் உள்ள இரவில் வெட்டவெளியும் மேட்டுநிலமும் ஆகா. தரை மட்டமா என்றறிய, பீங்கான் தட்டு ஒன்றில் சிறிது நீர் ஊற்றிக் கூடாரத்தளத்தின்மேல் வைத்தாற் போதும். கைத்தடையை இழுத்துச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க. மடிப்புக் கூடாரமாயின் உறங்குவோர் எடையில் ஒரு பகுதி ஏணியின்மேல் இறங்குமாதலின், மணலிலும் சேற்றிலும் ஏணிக்காலின் கீழ்ப் பலகை இடுதல் கட்டாயம்.

கூடாரத்துள் அடுப்போ விளக்குச் சுடரோ ஏற்றவே கூடாது. தீயினால் மட்டுமன்று, மூடிய இடத்தில் எழும் நஞ்சுப் புகையினாலும் உயிர் போகும். ஊர்தியின் எந்திரத்தை ஓடவிட்டு உறங்குதலும் அத்தகையதே. இருவர் மூச்சிலுள்ள ஈரம் துணியில் நீர்த்துளியாய்ப் படியுமாதலின், சாளரம் சிறிது திறந்திருத்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்த துணியில் பூசணம் பிடிக்கும். வீடு சேர்ந்ததும் விரித்து உலர்த்துக. இரவில் இறங்குவோர் கைவிளக்கும் செருப்பும் இன்றி ஏணியை விட்டுக் கால் வைத்தல் ஆகாது. மேலே பாம்பு இல்லை என்பதனால் கீழே இல்லை என்று பொருளாகாது. கூடாரத்தின் உயரம் தேளுக்குத் தடையாகுமன்றி யானைக்குத் தடையாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சட்டமும் அறியத்தக்கது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைத்தலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. ஆதலின் நிலையான தாங்கிகளைப் பொருத்துமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. காப்புக் காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைதலும் தங்குதலும் குற்றமாம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. கோடைக்காலக் காட்டில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சட்டம் தடுக்காத இடத்திலும் கடமை உண்டு. கல்வராயன் மலையில் நமக்கு வெறுநிலமாய்த் தோன்றுவது அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமைக் கொல்லையாகவோ மேய்ச்சற் புறமாகவோ இருத்தல் கூடும். சக்கரமும் கூரையும் உடையோம் என்பதனால் எவ்விடமும் நம்மிடமாகிவிடாது. ராக்லாந்து ஐயர் கூடாரத்தைத் தேர்ந்தது ஊராரை விட்டு ஒதுங்குதற்கன்று, ஊராரை அணுகுதற்கே. இக்காலத்து யாமோ மனிதரைக் காணாதிருக்கவே பெரும்பாலும் கூடாரம் கொண்டு செல்கின்றோம்.

அன்று மலையில் யாம் ஊர்தியை நிறுத்தியபோது, அருகிருந்த வீட்டு மூதாட்டியார் வெளியே வந்து நோக்கினார். என் செய்வதென்று அறியாது நின்ற எமக்கு, எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்பு சொன்னது நினைவிற்கு வந்தது. கூண்டு வண்டிக் காலத்தில், மாட்டை அவிழ்க்குமுன் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பார்களாம். தண்ணீர் கேட்டல் தங்க இடங்கேட்டலுமாம். யாமும் சென்று, “ஆயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?” என்றோம். அவர் ஒரு செம்பு நீர் கொணர்ந்து தந்து, “அங்கே நிறுத்தாதீங்க, தம்பி, அது மழைத்தண்ணி ஓடுற வழி. இப்படி மேலே வாங்க” என்றார். அன்றிரவு கோடைமழை பெய்தது. எம் கூடாரம் நனைந்ததேயன்றி, ஊர்தியின் சக்கரத்தடியில் நீர் ஓடவில்லை.