எல்லை விதி மாறினால் இல்லறம் என்னாகும்?

தன் சொந்த நாட்டில் மனைவியோடு வாழ விரும்பும் ஒருவர், அயல்நாட்டில் வாழ்வதற்குரியவற்றைக் காட்டிலும் கடுமையான விதிகளுக்கு உட்பட வேண்டுமா? கேட்பதற்கு விந்தையாகத் தோன்றினும், ஐரோப்பாவில் இது நெடுங்காலமாக நடைமுறை உண்மை. அதைச் சட்ட வரலாற்றில் நிலைபெறச் செய்த வழக்கு ஓர் இந்தியருடையது என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி.

சுரிந்தர் சிங் என்னும் இந்தியக் குடிமகன் 1982-இல் பிரிட்டிஷ் குடிமகள் ஒருவரை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் பணிபுரிந்தனர். பின்னர்ச் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணத்துடன் பிரிட்டன் திரும்பினர். மணவாழ்வு முறிவை நோக்கிச் சென்றபோது, பிரிட்டிஷ் அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்ற முற்பட்டது. வழக்கு லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 1992 ஜூலை 7 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பின் சாரம் எளிமையானது: வேறோர் உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாயகம் திரும்பும் குடிமகள், அங்கே தன் கணவருக்குக் கிடைத்த உரிமையைத் தாயகத்தில் இழக்க நேருமாயின், அவர் முதலில் புறப்படவே தயங்குவார். ஆகவே திரும்பி வரும்போதும் அவருடைய துணைவருக்குக் குறைந்தபட்சம் அதே உரிமை வேண்டும்.

இவ்வுரிமையின் தன்மையை நன்கு கவனிக்க வேண்டும். அது வெளிநாட்டுத் துணைவருக்குத் தானாக உரியதன்று. குடிமகனின் தடையற்ற இடப்பெயர்வு உரிமையைப் பற்றிப் படர்வது. கொழுகொம்பு இருக்கும்வரை கொடி நிற்கும். 2004-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, வேறோர் உறுப்பு நாட்டுக்குச் சென்று வாழும் குடிமக்களின் கணவர் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் உடனிருக்க வழிவகுத்தது. பணிபுரிபவராயின், இன்ன தொகை வருமானம் வேண்டும் என்ற வரம்பு இல்லை. ஐந்தாண்டுகள் முறையாக வாழ்ந்தால் நிரந்தர வசிப்புரிமை.

இந்தியர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, அங்குப் பிறந்தோருக்கு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வழங்கப்பட்டது. அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கின்றனர். பலர் இந்தியக் குடிமக்களை மணந்தும் இருக்கின்றனர். கோவாவில் பிறந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் போர்த்துகீசியக் குடியுரிமை பெற்று இங்கிலாந்தின் ஸ்விண்டன் போன்ற நகரங்களில் குடியேறினர். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள ஒருவர் பாரிஸில் வாழ்ந்தால், இந்தியரான அவருடைய மனைவிக்குப் பொருந்துவது பொதுவாக பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டம். அவரே பெர்லினுக்கு வேலைக்குச் சென்றால் பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஒரே கணவன், ஒரே மனைவி. தொடர்வண்டி எல்லையைக் கடந்ததும் சட்டம் மாறிவிடுகிறது!

கொழுகொம்பையே பிடுங்கிய நிகழ்வுதான் பிரெக்சிட். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பைத் தொடர்ந்து, பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தைவிட்டு விலகியது. இடைக்காலம் அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று முடிந்தது. ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தோரின் உரிமை காக்கப்படும் என்று விலகல் உடன்படிக்கை உறுதியளித்தது. ஆனால் அந்த உறுதி பெரும்பாலோருக்குத் தானாகக் கைக்கு வரவில்லை. குடியமர்வுத் திட்டத்தில் விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது; பொதுவான கடைசி நாள் 2021 ஜூன் 30. ஐந்தாண்டு வசித்தோருக்கு முழு நிலையும், குறைவாக வசித்தோருக்கு முன்நிலையும் அளிக்கப்பட்டன.

குடும்பங்களைப் பிரித்துப் பார்த்த கோடு எது தெரியுமா? திருமணத் தேதி. 2020 டிசம்பர் 31-க்கு முன்பே பிரிட்டனில் வாழ்ந்த போர்த்துகீசியக் குடிமகனின் இந்திய மனைவி, அத்தேதிக்கு முன் மணமானவராயின், பின்னாளிலும் கணவருடன் சென்று சேர உடன்படிக்கை இடமளிக்கிறது. அதன்பின் மணந்தவர் சாதாரணக் குடியேற்ற விதிகளின்கீழ் வருவார். சுரிந்தர் சிங் வழியில் திரும்பும் பிரிட்டிஷ் குடிமக்களின் துணைவருக்கோ விதி இன்னும் இறுகியது: உறவு 2020 ஜனவரி 31-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், திரும்பி வர 2022 மார்ச் 29 வரையே பொதுவாக அவகாசம். தேதி முடிந்ததும் கதவு அடைபட்டது. ஒன்றியத்தின் எஞ்சிய நாடுகளில் அத்தீர்ப்பின் நெறி இன்றும் உயிரோடு இருக்கிறது.

முன்நிலை பெற்றோர் மீண்டும் விண்ணப்பிக்கத் தவறினால் வசிப்புரிமையையே இழப்பர் என்று பிரிட்டிஷ் அரசு கூறிவந்தது. 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அதைச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. ஒரு படிவத்தை மறந்ததற்காக ஒருவர் வீட்டையும் வேலையையும் இழப்பது நியாயமன்று என்றே எனக்கும் தோன்றுகிறது.

இனி, சாதாரண விதி எவ்வளவு கனமானது என்பதைப் பார்ப்போம். வங்கியாளர் என்ற முறையில் இங்கே சற்று நின்று பேசுவது என் கடமை. பிரிட்டனில் வாழும் ஒருவர் தம் இந்தியத் துணைவரை அழைத்துக்கொள்ள 2012 ஜூலை முதல் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு தேவைப்பட்டது. 2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அது 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. வருமானமின்றிச் சேமிப்பை மட்டுமே காட்டுவதாயின் கணக்கு இவ்வாறு: வருமான வரம்பை இரண்டரையால் பெருக்கி, அதனுடன் 16,000 கூட்ட வேண்டும். அதாவது 88,500 பவுண்டு. முந்தைய வரம்பின்படி 62,500 போதுமானதாக இருந்தது.

அப்பணம் ஆறு மாதங்களாகத் தம்பதியரின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். தந்தை அன்பளிப்பாகத் தரலாம். கடனாக வந்தது செல்லாது. தந்தையின் வைப்புக் கணக்கில் மகள் நியமனதாரராக மட்டும் இருந்தால் அது மகளின் சேமிப்பாகாது. முன்கூட்டியே முறிக்கத்தக்க நிரந்தர வைப்பு ஏற்கப்படுவதுண்டு. கணக்கு அறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பத்துக்கு முந்தைய 28 நாட்களுக்குள் அமைய வேண்டும். இந்த 28 நாள் கணக்கில் இடறுவது எளிது. கிளையில் அறிக்கை கேட்கும் நாளையும் விண்ணப்ப நாளையும் சேர்த்தே திட்டமிடுங்கள். கணக்கிலும் கடவுச்சீட்டிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் அப்போதே சரிபார்க்கலாம். தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இது தனித் தலைவலி, ‘கே. மீனாட்சி’ கடவுச்சீட்டில் ‘மீனாட்சி கிருஷ்ணன்’ ஆகியிருப்பார்.

துணைவருடன் வாழக் காலவரையின்றி வெளிநாடு செல்பவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாடு வாழ்பவராகிறார். அவருடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். விசா கிடைத்த மகிழ்ச்சியில் இதை ஒத்திவைப்போர் பலர். புறப்படும் முன் ஒரு முறை கிளைக்கு வந்து செல்லுங்கள். நியமனதாரர் பெயரையும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் அதே வருகையில் புதுப்பித்துக்கொள்ளலாம்.