உங்களுக்குத் தெரியுமா? வினைல் அறுபடாததற்குக் காரணம் பிரஷர் மட்டும் அல்ல!

டி-ஷர்ட்டில் ஒட்டும் ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைலை, டிசைனை மிரர் செய்து, கட்டிங் மெஷினில் பின்பக்கமாகத்தான் வெட்ட வேண்டும். பளபளப்பான கேரியர் ஷீட் கீழே, மங்கலான பசைப் பக்கம் மேலே. பிளேடு வினைலை முழுதாக அறுக்க வேண்டும். கேரியரில் லேசான கீறல் மட்டுமே விழலாம்.

வெட்டு சரியில்லை என்றதும் பலர் பிரஷரைக் கூட்டிவிடுகிறார்கள். அது அவசரம். முதலில் பிளேடு முனையைப் பாருங்கள். ஹோல்டரை விட்டு அது அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் கேரியரும் அறுபடும், மூலைகள் கிழிந்து எழும்பும். முனை அரும்பு போல வெளியே தெரிந்தால் போதும். ஹோல்டருக்குள் சிக்கிய சிறு வினைல் துணுக்கும் வெட்டைக் கெடுக்கும், கழற்றித் துடைத்துவிடுங்கள்.

பிறகுதான் பிரஷர். ஓரத்தில் சின்னச் சதுரம் ஒன்றை வெட்டி, கொக்கி ஊசியால் உரித்துப் பாருங்கள். சுற்றியுள்ள வினைலும் கூடவே வந்தால் பிரஷர் போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கேரியரின் மறுபக்கத்தை விரலால் தடவும்போது கோடு தட்டுப்பட்டால் அதிகம்.

சாதாரண வினைலுக்கு 45 டிகிரி பிளேடு போதும். கிளிட்டர், ஃபிளாக் போன்ற தடித்த ரகங்களுக்கு 60 டிகிரி பிளேடு போட்டு, வேகத்தையும் குறைப்பது நல்லது.

வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சேரவில்லையா, மூலை மழுங்குகிறதா? பிளேடு முனை மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரமான ஆஃப்செட் அளவைச் சரிபாருங்கள். பல பிளேடுகளுக்கு அது 0.25 மி.மீ. எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் அறுபடாவிட்டால், பிளேடுக்கு அடியிலுள்ள கட்டிங் ஸ்ட்ரிப்பில் பள்ளம் விழுந்திருக்கலாம். ஸ்ட்ரிப்பை மாற்றிவிடுங்கள்.