திருவிழாப் புல்லாங்குழல்

தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் கூட்டம் கடைத்தெருவுக்குத் திரும்பும். அப்போது பார்த்து ஒருவர் வருவார். நீண்ட கழியின் உச்சியில் வைக்கோல் பிரியைச் சுற்றி, அதில் ஐம்பது அறுபது புல்லாங்குழல்களை முள்ளம்பன்றி போலச் செருகியிருப்பார். அவர் கையில் இருக்கும் குழலில் சினிமாப் பாட்டு குழைந்து குழைந்து வரும். குழந்தை நின்றுவிடும். நாமும் நின்றுவிடுவோம்.

ஆசையோடு ஒன்றை வாங்கி வந்து வீட்டில் ஊதினால், 'புஸ்' என்று காற்றுத்தான் வருகிறது! "தான் வாசித்ததை வைத்துக்கொண்டு மட்டமானதை நம் தலையில் கட்டிவிட்டான்" என்று வீட்டிலே ஒரு விசாரணை நடக்கும். மூன்றாம் நாள் குழல் பரணுக்குப் போய்விடும்.

இந்தக் குழல்களை வாங்கலாமா, கூடாதா? எனக்கு இது வெறும் ஐம்பது ரூபாய் விஷயமாகத் தோன்றவில்லை. காரணம் இருக்கிறது.

பத்து வயதில் நானும் ஒரு குழல் வாங்கினேன். ஒரு மாதம் விடாமல் ஊதி நாதத்தை வரவழைத்துவிட்டேன். ஆனால் காந்தாரம் மட்டும் எப்படி ஊதினாலும் இடறும். பக்கத்து வீட்டுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஸ்வர ஞானம் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் நம்பினேன். முப்பது வருஷம் கழித்து, அந்தக் குழலை ஒரு வித்வானிடம் வேடிக்கையாகக் காட்டினேன். அவர் ஊதிப் பார்த்துச் சிரித்தார். "உங்களிடம் குற்றம் இல்லை சார், குழலுக்குத்தான் ஞானம் போதாது" என்றார். ஒரு துளை இடம் தவறிப் போடப்பட்டிருந்தது. அவ்வளவுதான்!

இப்படி எத்தனை குழந்தைகள், மூங்கிலின் குற்றத்தைத் தங்கள் குற்றமாக எண்ணிச் சங்கீதத்தை விட்டிருப்பார்களோ?

நாதம் எங்கே பிறக்கிறது?

குழலில் ஒலிப்பது மூங்கில் அல்ல. அதற்குள் அடைபட்ட காற்று. உதட்டிலிருந்து போகும் மூச்சு, ஊதும் துளையின் எதிர் விளிம்பில் மோதி உள்ளும் புறமும் ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம் உள்ளேயுள்ள காற்றை அதிரச் செய்கிறது. துளைகளை மூட மூடக் காற்றின் நீளம் கூடி, ஸ்வரம் இறங்குகிறது.

ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஒரே அளவில் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் மூன்று குழல்கள் செய்து வாசிக்க வைத்தார். கேட்டவர்களால் எது எந்தக் குழல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதை அவர் 1971-ல் வெளியிட்டார். ஆகவே, மலிவு என்பதற்காக மட்டும் ஒரு குழலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. துளைகள் சரியான இடத்தில் இருந்தால், பிளாஸ்டிக் குழாயில் செய்த குழலும் சுருதி சுத்தமாகப் பேசும். அதற்கு வெடிப்பு என்ற பயமும் கிடையாது.

மலிவுக் குழலில் குறைவது பொருள் அல்ல. செய்கிறவர் செலவிடும் நேரம். கச்சேரிக் குழலுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொரு துளையையும் ஊதி ஊதிப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சரி செய்த உழைப்புக்குத்தான் அந்த விலை. திருவிழாக் குழலில் பார்வைக்கு அழகாக ஒரே இடைவெளியில் துளை போட்டுவிடுகிறார்கள். ஸ்வரங்களோ ஒரே சீரான இடைவெளியில் அமைந்தவை அல்லவே!

இன்னொரு குறை, மூங்கில் முற்றிக் காயாதது. சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்கு நல்லார், குழலுக்கான மரத்தை நிழலில் ஆறவிட்டு, ஓராண்டு சென்ற பிறகே குழல் செய்ய வேண்டும் என்கிறார். அவசரத்தில் செய்த குழல் வெயில் காலத்தில் விரிசல் விட்டுவிடும்.

வாங்கும்போது நாலு சோதனை

முதலாவது, குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். விரிசல் கூடாது. உட்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். ஊதும் துளையின் விளிம்பு பிசிறில்லாமல் கூராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் எடுத்த குழலையே அவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கே அதில் பேசவில்லையென்றால் அதை வைத்துவிடுங்கள். பேசிவிட்டால், 'புஸ்' என்பது நம் உதட்டின் குறை. சில வாரப் பயிற்சியில் சரியாகிவிடும்.

மூன்றாவது, ஆறு துளைக் குழலில் மேல் மூன்று துளைகளை மட்டும் மூடினால் ஸட்ஜம். ஆறையும் மூடினால் கீழ்ப் பஞ்சமம். இரண்டையும் மாறி மாறி ஊதச் சொல்லிக் கேளுங்கள். தம்புராவின் ஸ்ருதி கேட்டுப் பழகிய காதுக்கு, சேருகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

நாலாவது, விரல்களை எடுக்காமல் கொஞ்சம் வேகமாக ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். இடறினால், பெரும்பாலும் தலைப்பக்கத்து அடைப்பு இடம் மாறியிருக்கும்.

சிறு குற்றங்களுக்குக் கை வைத்தியமும் உண்டு. ஒரு ஸ்வரம் ஏறி ஒலித்தால், அந்தத் துளையின் ஓரத்தில் துளி மெழுகு வைத்தால் இறங்கும். இறங்கி ஒலித்தால், துளையை ஊதும் துளையின் பக்கமாக மெல்ல அராவினால் ஏறும். நல்லெண்ணெய் லேசாகத் தடவி, நூலால் இறுகச் சுற்றி வைத்தால் வெடிப்பும் குறையும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய குழல், மூச்சையும் உதட்டையும் விரலையும் பழக்கும். அது போதும். முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கும்போது, ஊதும் துளை போக எட்டுத் துளை உள்ள நல்ல குழலை ஆசிரியரைக் கொண்டே வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் குழந்தைக்கு ஆசை நிலைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சரபசாஸ்திரிகள் (1872-1904) கண் பார்வை இல்லாதவர். குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். காதும் விரலுமே அவருக்குப் போதுமாயிருந்தன. குழல் வாங்குகிறவர்களுக்கும் கண்ணைவிடக் காதுதான் முக்கியம்.

போன திருவிழாவில் பேத்தியை அழைத்துப் போனேன். சிவப்புக் குஞ்சம் கட்டிய குழல்தான் வேண்டும் என்றாள். "இதை வாசித்துக் காட்டுங்கள்" என்றேன். குழல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேல் மூன்றை மூடி ஊதினார். ஆறையும் மூடி ஊதினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரே அதைத் திருப்பிச் செருகிவிட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை ஊதியதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதை எடுத்துக்கங்க ஐயா. இது பேசும். இப்படிக் கேட்டு வாங்கறவங்க யாரு இருக்காங்க?" என்றார்.

அதில் குஞ்சம் இல்லை. பேத்தி முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே முதல் குழலின் குஞ்சத்தை அவிழ்த்து இதில் கட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் 'புஸ்' என்றுதான் வந்தது. பதினோராம் நாள், "தாத்தா! வந்துடுத்து!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். இப்போது காந்தாரம் இடறினால், முதலில் குழலை வாங்கி ஒருமுறை சரிபார்க்கிறேன். அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை.