உங்களுக்குத் தெரியுமா? பங்குனி ஏரிகளில் இறகு மாற்றம்

வலசைப் பறவைகளைக் காண மார்கழியே தகுந்த காலம் என்று பலர் கருதினாலும், திருநின்றவூர் ஏரி முதல் பழவேற்காடு வரையுள்ள நீர்நிலைகளில், அவை வடக்கு நோக்கிப் புறப்படும் மாசி, பங்குனி மாதங்களே இனங்காண்போர்க்கு எளியவை. யுரேசியாவின் வடபகுதிகளில் இனப்பெருக்கம் செய்யும் நீலச்சிறகி என்னும் சிறு வாத்தின் ஆண், இங்கு வந்து சேரும்போது பெண்ணைப் போன்றே மங்கிய பழுப்பு நிறத்தில் இருப்பதால் எளிதில் பிரித்தறிய இயலாது. பனிக்காலம் முடியும் வேளையில் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்க, கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை பிறைபோல் வளைந்த வெண்பட்டை பளிச்சென்று தோன்றும்.

வலசை போகாது இங்கேயே தங்கும் பறவைகளுக்கும் இம்மாற்றம் உண்டு. தாமரையும் அல்லியும் படர்ந்த ஏரிகளில், நீண்ட விரல்களால் உடல் எடையைப் பரப்பி இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்க காலத்தில் மட்டுமே இருக்கும். பெண் பறவை பெரும்பாலும் 4 முட்டைகளை இட்டுவிட்டு அடுத்த துணையை நாடிச் செல்ல, அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் முற்றிலும் ஆணின் பொறுப்பாகின்றன. பறவைகளிடையே இது அரிய ஏற்பாடே. மிதக்கும் தழைகளின் மேல் அமையும் இக்கூடு எளிதில் குலையக்கூடியது என்பதால், காண விரும்புவோர் கரையிலிருந்தே இருநோக்கி வழியாகப் பார்த்தல் நன்று.