கோடையில் ஐரோப்பா: ஓர் இசைக்குழுவின் பயணமும் எங்கள் பிள்ளைகளின் கடவுச்சீட்டும்

லிங்கநகரில் மாலையானால் துறைமுகப் பக்கமிருந்து காற்று வரும். போன வாரம் அந்தக் காற்றோடு என் மருமகனின் கிற்றார் சத்தமும் வந்தது. கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கும் ஐந்து பேர் குழு அவனுடையது. வாசிப்பை நிறுத்திவிட்டு, "மாமா, வெளிநாட்டுக் குழுக்கள் மாதிரி நாங்களும் ஒரு கோடைக்கு ஐரோப்பா முழுக்கச் சுத்தி வாசிக்கேலாதா?" என்று கேட்டான்.

நானும் அந்த வயதில் ட்ரம்ஸ் வாசித்தவன். சோதனைச் சாவடியில் ட்ரம் பெட்டியைத் திறந்து காட்டி, ஊரடங்குக்கு முன் வீடு சேர்ந்த காலம் அது. 1990 இல் வீட்டோடு அந்த ட்ரம்ஸும் போனது. ஆகவே அவனுடைய கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏன் கோடை?

யூன் முதல் ஓகஸ்ட் வரை ஐரோப்பாவில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பள்ளிகளுக்கு விடுமுறை. திறந்தவெளி விழாக்கள் வாரத்துக்கு வாரம் நடக்கும். வட ஜேர்மனியில் வாக்கன் என்ற சிறு கிராமத்தில் 1990 முதல் நடக்கும் ரொக் விழாவுக்கு இப்போது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள்.

குழுக்களின் கணக்கு எளிது. வார இறுதியில் பெரிய விழா. அதன் ஊதியம் பயணச் செலவைத் தாங்கும். இடைப்பட்ட நாட்களில் வழியிலுள்ள நகரங்களின் சிறு மண்டபங்கள். வாசிக்காத நாளிலும் சாப்பாடு, வாகனம், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் காசு போகும் என்பதால் வெறும் நாட்களைக் குறைப்பார்கள். பல குழுக்களுக்கு மேடைக்கு அருகில் விற்கும் ரீசேர்ட்டுகள்தான் கையில் மிஞ்சும் வருமானம். பஸ் சாரதி நான்கரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே தூரத்தையும் பார்த்துத்தான் திகதி போடுவார்கள்.

எங்களைப் போன்றவர்கள் போனதுண்டா?

உண்டு. டெல்லியின் பிளட்டிவுட் குழு 2019 கோடையில் ஐரோப்பாவில் சுற்றி வாசித்தது. வாக்கன் மேடையிலும் ஏறியது. டோல் மேளத்தோடு ரொக் வாசிப்பவர்கள். சொந்தப் பாடல்களின் முதல் முழுத்தொகுப்பு வெளிவந்தது 2022 இல்தான். அதற்கு முன்னரே யூடியூப் காணொளிகள் அவர்களுக்கு இரசிகர்களைத் தேடிக் கொடுத்திருந்தன.

எங்கள் ஊருக்கும் ஒரு கதை உண்டு. ஈழத்துத் துள்ளிசைக் காலத்தில் பரமேஸ் – கோணேஸ் என்ற பெயர் திருகோணமலையிலிருந்துதான் எழுந்தது. பரமேஸ் பின்னர் ஜேர்மனியில் வாழ்ந்தார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1986 இல் லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ என்ற பெயரில் உலக மேடைகளில் பாடுகிறார். ஆனால் அவர் பிறந்தது லண்டனில்.

கதவு எங்கே?

ஷெங்கன் விசா ஒன்று 29 நாடுகளுக்குச் செல்லும். எந்த 180 நாட்களிலும் 90 நாள் தங்கலாம். 2024 யூன் முதல் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மறுத்தால் திரும்பக் கிடைக்காது. பிரித்தானியாவுக்குத் தனி விசா. ஊதியத்துக்கு வாசிப்பதென்றால் வேலை அனுமதி பற்றிய விதி நாட்டுக்கு நாடு வேறு. இசைக்கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோக ‘ஏ.ரி.ஏ கார்னெட்’ என்ற ஆவணம் உண்டு; அதைப் பொருட்களின் கடவுச்சீட்டு என்று சொல்லலாம்.

அழைப்புக் கடிதம், ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, காப்புறுதி எல்லாவற்றுக்கும் மேலாக அதிகாரி ஒன்றைத்தான் தேடுவார்: இந்தப் பிள்ளை திரும்பி வருவானா? இங்கேதான் எங்களுக்குக் கடினம். என் குழுவில் இருந்த இருவர் போனார்கள்; திரும்பவில்லை. உயிரைக் காக்கப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு இப்போது அவர்களின் மருமக்கள் தலையில் எழுதப்படுகிறது. இவனுக்கோ திரும்பி வர வீடும் தாயும் அடுத்த மாதத் திருவிழாவும் இருக்கின்றன. அதைத் தாளில் காட்ட வேண்டும்.

முதலில் காணொளிகள் போடு, பிறகு சுவிஸிலோ பிரான்ஸிலோ உள்ள எங்கள் சங்கமொன்றின் மண்டபத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குப் போய் நாள் தவறாமல் திரும்பு என்றேன். ஒழுங்காகத் திரும்பிய ஒரு பயணம் அடுத்த விண்ணப்பத்துக்குச் சாட்சி.

அவன் கொப்பியில் பட்டியல் எழுதத் தொடங்கினான். முதல் வரி கடவுச்சீட்டு. ஐந்து பேரில் இருவரிடம் அது இல்லை.